காயத்துக்குக் காயம் பட்டால்: மைசூர் நாட்டு உடற்பயிற்சி வரலாறு தரும் பாடம்

தமிழில் ‘காயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். உடம்புக்கும் காயம் என்று பெயர். அந்த உடம்பில் படுகிற புண்ணுக்கும் காயம் என்று பெயர். முதலாவது வடமொழி ‘காய’ என்பதன் தமிழ் வடிவம். எங்கள் சமண நூல்களில் ‘காயோத்சர்க்கம்’ என்று ஒரு நிலை வரும். சிரவணபெளகொளாவில் பாகுபலி கை தொங்கவிட்டு அசையாமல் நிற்கிறாரே, அந்த நிலைதான் அது. உடலை மறந்து நிற்றல் என்று பொருள். முனிவர்கள் உடலை மறக்கலாம். நம்மைப் போன்ற சம்சாரிகள் மறந்தால் உடல் நம்மைச் சும்மா விடுவதில்லை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தைச் சேர்ந்தவன். பெங்களூர் தரகுப்பேட்டையில் முப்பத்தைந்து வருஷமாகப் பருப்பு வியாபாரம். எனக்கு 58 வயது நடக்கும்போது ஒருநாள் கடையில் அட்டி போட்டிருந்த துவரம்பருப்பு மூட்டை சரிந்தது. யோசிக்காமல் இடது கையை நீட்டித் தாங்கினேன். தோள் ஜவ்வு கிழிந்துவிட்டது. “கொஞ்ச நாள் கையை ஆட்டாதீங்க” என்றார் டாக்டர். வீட்டிலும் சொந்தத்திலும் அதைப் பத்து மடங்காக்கிவிட்டார்கள். தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை. காலை நடையும் நின்றது. ஆறு மாதத்தில் தோள் அப்படியே இறுகிப்போய், சட்டையில் கை நுழைக்கவும் தலை வாரவும் இன்னொருவர் உதவி வேண்டியதாயிற்று. கை மட்டுமில்லை, மாடிப்படி ஏறினால் காலும் நடுங்கியது.

கடைசியில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்யும் ஒரு பெண்ணிடம் போனேன். என் மகள் வயது இருக்கும். எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னது இதுதான்: “ஆட்டாதீங்கன்னு சொன்னது அந்த ஒரு தோளைத்தானே சார்? மத்த உடம்பு என்ன தப்பு பண்ணிச்சு?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் படிக்கிற பழக்கம் உள்ளவன் ஆனபடியால், இதற்கு முன்னால் இதே கேள்வியை யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடிப் பார்த்தால், நாம் பிழைக்க வந்த இந்த ஊரும் பக்கத்து மைசூரும் அதற்கு ஒரு நூற்றாண்டாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கரடிக்கூடம்

பழைய பெங்களூர்ப் பேட்டைகளில் ‘கரடி மனை’ என்று இருக்கும். கன்னடம் புதிதாகக் கற்றவர்கள் இது ஏதோ கரடி வளர்த்த வீடு என்று நினைத்துச் சிரிப்பார்கள். தமிழிலும் ‘கரடிக்கூடம்’ என்ற சொல் உண்டு. சிலம்பமும் மல்லும் பழகும் இடம் என்று பொருள். விலங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செம்மண் குழி, கர்லாக்கட்டை, கல் குண்டு, சுவரில் அனுமார் படம், இவைதான் அங்கே முதலீடு. தண்டால், பஸ்கி இரண்டுக்கும் அந்த முதலீடுகூட வேண்டாம். உடம்பின் எடையே போதும்.

நம் கர்லாக்கட்டையின் பெருமை சிறிதல்ல. இங்கே வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தார் 19ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்துத் தங்கள் உடற்பயிற்சியில் சேர்த்துக்கொண்டு சீமைக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுற்றுவது ஒரு பந்தயமாகவே இருந்தது.

கரடிக்கூடத்தில் இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். மைசூர் தசராவில் வஜ்ரமுஷ்டி என்ற மல்லுக்குப் பேர்போனவர்கள் ஜெட்டிகள். அவர்கள் மல்லர்கள் மட்டுமல்ல. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது, சுளுக்கு நீவுவது இவற்றிலும் கைதேர்ந்தவர்கள். நமக்குப் புத்தூர்க் கட்டு எப்படியோ, மைசூரில் ஜெட்டிகளின் கட்டு அப்படி. அதாவது பலம் சேர்க்கிற இடமும் காயம் ஆற்றுகிற இடமும் ஒன்றாக இருந்தன. அடிபட்டவனுக்கு எப்போது மறுபடி கட்டை கொடுக்கலாம், எவ்வளவு எடையில் கொடுக்கலாம் என்பது ஒரே ஆளின் கையில் இருந்தது. பின்னாளில் இந்த இரண்டும் பிரிந்தன. உடற்பயிற்சி நிலையம் ஒரு தெருவில், ஆஸ்பத்திரி இன்னொரு தெருவில் என்று ஆனது. என்னைப் போன்ற ஆட்கள் நடுத்தெருவில் நின்றோம்.

சாண்டோ வந்தார்

மேல்நாட்டு உடற்பயிற்சி நம் ஊருக்கு வந்த கதைக்கு ஒரு முகம் உண்டு. அவர் பெயர் யூஜின் சாண்டோ. 1867இல் பிறந்த ஜெர்மானியர். 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து பல நகரங்களில் உடம்பைக் காட்டினார். அவர் பெயர் நம் மொழியில் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவருக்கு முன்னால் ‘சாண்டோ’ வந்தது இப்படித்தான். சாண்டோ டம்பெல் விற்றார், புத்தகம் விற்றார், தபாலில் பயிற்சிப் பாடமும் அனுப்பினார். என்னைப் போன்ற வியாபாரிக்கு அவரைப் பார்த்தால் மரியாதை வருகிறது. ஆனால் அவர் காட்டிய வழியில் ஒரு குறை இருந்தது. ஒரு முழுமையான உடம்பைப் படத்தில் காட்டி, எல்லோரும் இதைப்போல் ஆகுங்கள் என்றது அந்த வழி. ஏற்கெனவே அடிபட்டவனுக்கு அந்தப் படத்தில் இடம் எங்கே?

சாந்தலையைத் தேடிப்போய் ஐயரைக் கண்டது

நான் பல வருஷத்துக்கு முன்பு ‘சாந்தலா’ என்ற கன்னட நாவலைப் படித்தேன். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலை. சமண சமயத்தைச் சேர்ந்தவள். சிரவணபெளகொளாவில் 1123இல் ஒரு பசதி கட்டியவள். அவளுக்காகத்தான் அந்த நாவலை வாங்கினேன். எழுதியவர் கே.வி. ஐயர். அவர் யார் என்று விசாரித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவர் ஒரு பயில்வான்!

கோலார் வெங்கடேச ஐயர் என்பது முழுப் பெயர். பெங்களூரில் ‘ஹெர்குலிஸ் ஜிம்னாசியம்’ என்ற உடற்பயிற்சிக்கூடத்தை நிறுவி நடத்தியவர். 1930இல் ‘மஸில் கல்ட்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு அவருக்கு இருந்தது. கன்னட நாடகத்தின் பிதாமகர் என்று சொல்லப்படும் டி.பி. கைலாசம், தாய்மொழி தமிழாகக் கொண்ட நம்மவர், ஐயருக்கு நெருங்கிய நண்பர். 1980இல் ஐயர் காலமானார்.

ஐயர் செய்த காரியத்தை இரண்டாகச் சொல்லலாம். ஒன்று, இரும்பையும் ஆசனத்தையும் ஒரே கூடத்தில் சேர்த்தார். டம்பெல் தூக்குகிறவன் ஆசனம் செய்யக்கூடாது, ஆசனம் செய்கிறவன் இரும்பைத் தொடக்கூடாது என்ற வேலியை அவர் ஏற்கவில்லை. ஔந்து சமஸ்தானத்து ராஜா 1920களில் சூரிய நமஸ்காரத்தை ஊர் ஊராகப் பரப்பினார். அதை ஐயரும் எடுத்துக்கொண்டு 1937இல் தனிப் புத்தகமே போட்டார். ஐயருடன் பழகிய எஸ். சுந்தரம் என்பவர் 1920களின் இறுதியிலேயே பெங்களூரிலிருந்து யோகாசனம் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்டார்.

இரண்டாவது, ஐயரும் தபால் மூலம் பயிற்சி கற்றுக்கொடுத்தார். இது சாண்டோவின் வழிதானே என்று கேட்கலாம். வழி அதுதான், ஆனால் இங்கே நிலைமை வேறு. தபாலில் படிக்கிற மாணவன் எங்கோ ஒரு ஊரில் இருக்கிறான். அவனிடம் பார்பெல் இருக்காது, வாங்கக் காசும் இருக்காது. அவன் வீட்டில் உள்ளது ஒரு பாயும் ஒரு சுவரும்தான். சூரிய நமஸ்காரமும் தண்டாலும் ஆசனமும் இரும்போடு சமமாக உட்கார்ந்ததற்கு இந்த வறுமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கருவி இல்லாதவனுக்கு ஐயர் காலத்தில் வழி கிடைத்துவிட்டது. காயம் பட்டவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு நோயாளிப் பையன் பிறக்க வேண்டியிருந்தது.

பெல்லூர்ப் பையன்

கோலார் மாவட்டத்தில் பெல்லூர் என்று ஒரு கிராமம். 1918 டிசம்பர் 14ஆம் தேதி, உலகமெங்கும் விஷக்காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போன சமயத்தில், அங்கே ஓர் ஐயங்கார் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பதின்மூன்று பிள்ளைகளில் பதினோராவது. தந்தை பள்ளிக்கூட வாத்தியார். கோலார், மைசூர்ப் பகுதி ஐயங்கார் வீடுகளில் கன்னடம் கலந்த ஒரு தமிழ் பேசுவார்கள். நம் பேச்சோடு பாதி ஒட்டும், பாதி ஒட்டாது. குடும்பம் பெங்களூருக்குக் குடிவந்தது. பையனுக்கு ஒன்பது வயதில் தந்தை போய்விட்டார். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்று. தலை பெரிதாக, கைகால் குச்சியாக இருந்த அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த பி.கே.எஸ். ஐயங்கார்.

அவருடைய அக்காள் கணவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மைசூர் மகாராஜா ஜகன்மோகன் அரண்மனையில் 1933இல் ஏற்படுத்திய யோகசாலைக்கு அவர்தான் ஆசிரியர். 1934இல் மச்சினனை மைசூருக்கு வரவழைத்தார். அந்தக் காலத்துப் பயிற்சி கடுமையானது. அரண்மனைப் பிள்ளைகள், பள்ளி மாணவர்கள், வேடிக்கை பார்க்க வரும் விருந்தாளிகள் என்று சபை நடுவே ஆசனம் செய்து காட்ட வேண்டும். அப்படி ஒரு சமயம் கால்களை முன்னும் பின்னும் முழுக்க விரித்து உட்காரும் அனுமானாசனத்தைச் செய்யச் சொன்னார் குரு. பழக்கமில்லாத பையன் மறுக்கவும் முடியாமல் செய்தார். பின்தொடைத் தசைநார் கிழிந்து, நெடுநாள் நடக்கவே சிரமப்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆசனத்துக்காக உடம்பை வளைப்பதா, உடம்புக்காக ஆசனத்தை வளைப்பதா? அந்தப் பையனின் கிழிந்த தசைநார்தான் இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

செங்கல், கயிறு, நாற்காலி

1937இல், பதினெட்டு வயதில், கற்பிப்பதற்காகப் புனேவுக்கு அனுப்பப்பட்டார் ஐயங்கார். மொழி தெரியாத ஊர். பிழைக்க வந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும். அங்கே அவரிடம் வந்தவர்களில் பலர் நோயாளிகள், வயதானவர்கள், குனிய முடியாதவர்கள். அவர்களுக்கு மைசூர்ச் சபையில் செய்ததைச் சொல்லிக்கொடுக்க முடியாது. எனவே கையில் கிடைத்ததை எடுத்தார். கை தரைக்கு எட்டவில்லையா, கைக்குக் கீழே ஒரு செங்கல் வை. கால் கைக்கு எட்டவில்லையா, நடுவில் ஒரு கயிறு போடு. நிற்க முடியவில்லையா, சுவரைப் பிடி. குனிய முடியவில்லையா, நாற்காலியில் உட்கார்ந்து செய். செங்கல் பின்னர் மரக்கட்டையாயிற்று, கயிறு வாராயிற்று. இன்று உலகம் முழுவதும் யோகக் கூடங்களில் நல்ல விலைக்கு விற்கும் சரக்கு இது.

1952இல் பம்பாய்க்கு வந்த வயலின் மேதை யெகூதி மெனுகின், உடல் அசதிக்கு ஐயங்காரிடம் பாடம் கேட்டார். அதன் பிறகு ஐயங்கார் மேல்நாடு போனார். பெல்ஜியம் நாட்டு ராணிமாதா எலிசபெத் எண்பதைத் தாண்டிய வயதில் அவரிடம் சிரசாசனம் கற்றார். நம் வீட்டில் எண்பது வயதுப் பாட்டி தலைகீழாக நிற்கிறேன் என்றால் நாம் என்ன செய்வோம் என்று யோசித்துப் பாருங்கள்! ராணியை அப்படி நிறுத்தச் சொல்லிக்கொடுத்தவரிடம் துணிச்சலோடு கணக்கும் இருந்திருக்க வேண்டும்.

கதை அதோடு முடிந்திருந்தால் இது பெரியமனிதர் சரித்திரமாகப் போயிருக்கும். 1979இல் ஐயங்காருக்கு ஸ்கூட்டர் விபத்து. சில மாதத்தில் இன்னொன்று. முதுகும் தோளும் முழங்காலும் அடிபட்டன. அப்போது அவருக்கு வயது அறுபது. பிறருக்காகச் செய்துவைத்த கட்டையும் கயிறும் நாற்காலியும் இப்போது அவருக்கே தேவைப்பட்டன. பழைய நிலைக்குத் திரும்பப் பல வருஷம் பிடித்தது. ஆனாலும் பயிற்சியை விடவில்லை. 2014 ஆகஸ்ட் 20இல், 95 வயதில் மறைந்தார். அதே ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் விருது கிடைத்திருந்தது.

குருவும் மாறினார் என்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. மைசூர் யோகசாலை 1950இல் மூடப்பட்டது. கிருஷ்ணமாச்சாரியார் பின்னர் சென்னையில் குடியேறினார். அங்கே ஒவ்வொருவருக்கும் அவரவர் வயது, நோய், தொழிலைப் பார்த்துத் தனித்தனியாகப் பாடம் வகுத்தார். 96 வயதில் அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்கென்று வகுத்துக்கொண்டார். அவர் அறுவை சிகிச்சையை மறுத்தார். அதை யாரும் பின்பற்ற வேண்டாம். இன்று இடுப்பெலும்புக்குச் சீக்கிரமே அறுவை செய்து சீக்கிரமே எழுப்பி நடத்துகிறார்கள், அதுதான் சரி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, படுத்த படுக்கையிலும் ‘இன்று என்னால் எது முடியும்’ என்று அவர் கேட்டதை மட்டும். அவர் 1989இல், நூறு வயதில் மறைந்தார்.

வேலூரும் சிகாகோவும்

இது யோகக்காரர்களின் தனிச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். பெங்களூர்த் தமிழர்கள் பெரிய வியாதி என்றால் ஓடுகிற ஊர் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954இல் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. இந்தத் துறைக்கு நம் நாட்டில் அடிக்கல் போட்டவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் அவர். அவரும் அடிபட்டவர்தான்.

அமெரிக்காவில் தாமஸ் டிலோர்ம் என்று ஒரு ராணுவ டாக்டர். இளம் வயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பிறகு எடை தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு 1944இல் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் இரும்புப் பாதணி மாட்டி, அதில் எடை சேர்த்து, காலை நீட்டச் சொன்னார். அடிபட்ட காலுக்கு எடையா என்று மற்ற டாக்டர்கள் திகைத்த காலம் அது. பின்னர் 1948இல் அந்த முறை ஒரு சுலபமான வாய்ப்பாடாக வந்தது. பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று முதலில் பார்க்க வேண்டும். அதில் பாதி எடையைப் பத்து முறை, முக்கால் எடையைப் பத்து முறை, முழு எடையைப் பத்து முறை தூக்க வேண்டும். பலம் கூடக்கூட எடையைக் கூட்ட வேண்டும்.

இந்த வாய்ப்பாட்டில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அது யாரையும் யாரோடும் ஒப்பிடவில்லை. பயில்வானுக்கு அறுபது கிலோவாக இருக்கலாம், பாட்டிக்கு அரைக்கிலோவாக இருக்கலாம். அளவுகோல் அவரவர் உடம்புதான்.

என் கடை எடைக்கற்கள்

அந்தச் சிகிச்சைப் பெண்ணிடம் திரும்பிப் போனேன். நல்ல கையான வலது கைக்கும் கால்களுக்கும் முதலில் வேலை கொடுத்தார். இடது தோளுக்கு இல்லையா என்றேன். “வலது கை செஞ்சாலே இடதுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும் சார்” என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. தேடிப் பார்த்தால், 1894இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் இதைச் சோதித்திருக்கிறார். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், பயிற்சி செய்யாத கைக்கும் ஓரளவு பலம் கூடுகிறது. தசைக்குக் கட்டளை போடுவது மூளையும் நரம்பும் அல்லவா, அங்கே ஒரு பாடம் படித்தால் இரண்டு பக்கமும் பயன்படுகிறது.

பிறகு இடது தோளுக்கு வந்தார். சுவரில் விரல்களால் எறும்பு ஏறுவது போல ஏறச் சொன்னார். இன்று எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. வீட்டில் ஊஞ்சல் கொக்கி சும்மா இருந்தது; அதில் ஒரு கப்பி மாட்டிக் கயிறு போட்டு, வலது கையால் இழுத்து இடது கையை மேலே தூக்கினேன். வலி தாங்கும் அளவோடு நிறுத்த வேண்டும் என்பது கட்டளை. சுவரை அசைக்க முயல்வது போல அழுத்தி, ஆறு எண்ணும்வரை பிடித்து விடுவது இன்னொன்று. மூட்டு அசையாமலே தசைக்கு வேலை கொடுக்கும் இந்த முறையை 1953இல் ஜெர்மனியில் ஹெட்டிங்கர், மியூலர் என்ற இருவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து எடை தூக்கலாம் என்றார். டம்பெல் வாங்கச் சொல்வார் என்று பார்த்தால், “உங்க கடையில எடைக்கல் இல்லையா?” என்றார். மின்னணுத் தராசு வந்த பிறகு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தவை அவை. 200 கிராம், 500 கிராம், 1 கிலோ, 2 கிலோ. பல வருஷம் பிறருக்கு நிறுத்துக் கொடுத்த கற்களை ஒரு துணிப்பையில் போட்டு, முதல் தடவையாக எனக்கு நிறுத்தேன். 200 கிராமில் ஆரம்பித்தேன். என் கடையில் வேலை பார்க்கும் ஹமாலி, தருமபுரிக்காரர், ஐம்பது கிலோ மூட்டையைச் சர்வசாதாரணமாகத் தூக்குபவர், பார்த்துவிட்டுச் சொன்னார்: “சிரிக்கல முதலாளி. நானும் சின்னக் கூடையிலதான் ஆரம்பிச்சேன்.” ஒரு வருஷம் முடிவதற்குள் 2 கிலோ கல்லைத் தலைக்கு மேல் தூக்கினேன். தோள் முழுக்கப் பழையபடி ஆகவில்லை. முதுகுப் பக்கம் கை இன்னும் சரியாகப் போகாது. ஆனால் சட்டையை நானே போட்டுக்கொள்கிறேன்.

ஒரு நண்பரின் கணக்கு

இதை வெறும் சரித்திரமாக எழுதாமல் சொந்தக் கதையும் சேர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் தமிழ்க் கூட்டங்களுக்கு என்னோடு தவறாமல் வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர். எனக்குத் தோள் அடிபடுவதற்கு முன்பே அவருக்கு முழங்கால் வலி வந்தது. “நடக்காதீங்க, படி ஏறாதீங்க, உட்கார்ந்து ரெஸ்ட் எடுங்க” என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். மகன் வீடு எட்டாவது மாடி. நாற்காலி, டிவி, மாத்திரை என்று மூன்று வருஷம். கை உதவியில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத நிலை வந்தது. ஒருநாள் குளியலறையில் விழுந்தார். அதன் பிறகு எழவில்லை. முழங்கால் வலி அவரைக் கொல்லவில்லை. சும்மா உட்கார்ந்ததில் கரைந்துபோன தொடைச் சதைதான் அவரைக் கீழே தள்ளியது என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. தெரியாமல் நான் சொன்ன வார்த்தை இன்றும் உறுத்துகிறது.

வயதானால் பலம் போவது இயற்கை, அதை என்ன செய்ய முடியும் என்பார்கள். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சராசரி வயது 90. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அதை முடித்த ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் கேட்கிறது. என் நண்பருக்கு அப்போது வயது 66தான்.

முடிவாக

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை அன்பர்கள் அறிவீர்கள். ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் நசுங்கியவர். பெங்களூருக்கு வந்து பயிற்சி பெற்று, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அவருக்கு நல்ல காலாக இருந்தது ஒன்று. அந்த ஒரு காலால் எது முடியும் என்று கேட்டுத்தான் அவரைத் தயார் செய்திருக்கிறார்கள். பெல்லூர்ப் பையனிடமும் வேலூர் டாக்டரிடமும் பார்த்த அதே கேள்விதான் இது.

மாரியப்பனைப் போல நாம் தாண்ட வேண்டியதில்லை. குளியலறையில் விழாமல் இருந்தால் போதும். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் நம் பெரியவர்களுக்கு மண் குழியும் வேண்டாம், ஜிம் சந்தாவும் வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு கயிறு போதும். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. முதலில் டாக்டரிடமோ சிகிச்சையாளரிடமோ காட்டி, எந்த மூட்டை ஆட்டக்கூடாது, எவ்வளவு நாளைக்கு என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக்கூடாது. அதைக் கேட்ட வாயால் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: மற்ற உடம்புக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

நம் சங்கக் கட்டிடத்தில் ஞாயிறுதோறும் நாற்காலிகள் சும்மாதான் கிடக்கின்றன. வாரம் ஒரு மணி நேரம் ஒரு சிகிச்சையாளரை அழைத்து, பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுந்தால் என்ன என்று நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறோம் என்றிருக்கிறார்கள். நடந்தால் எடைக்கற்கள் என் செலவு. துரு துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.